எங்கள் வீட்டில் நடந்த கம்பெனி

“தீபாவளிக்கு மறுநாள். காலை. முன்னறையில் லைட் போட்டேன். லோடு வந்ததாகச் சொன்னேன். மாமா மூன்று தோசை சாப்பிட்டார். கம்பெனி திறந்தது.”

தினசரிக் காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கம் என் கையெழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. நாட்குறிப்பு எழுதும் ஒழுங்கு எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் ஒரு நாளைக் கிழித்துக் குப்பையில் போடவும் கை வராது. அன்றன்று நடந்ததைத் தாளின் பின்னால் எழுதி, மாதம் மாதமாகக் கிளிப் போட்டு வைத்துவிடுவேன். முன்பக்கம் திதியும் நட்சத்திரமும். பின்பக்கம் எங்கள் வீடு.

இந்தத் தாளில் எழுதியதில் தவறு எதுவும் இல்லை. லோடு வரவில்லை, வந்ததாகச் சொன்னேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். அன்று காலை என் மனைவி சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை. இடம் இல்லாமல் இல்லை. தாளில் முக்கால்வாசி காலியாகவே கிடக்கிறது.

மாமா என்று எழுதியிருப்பது என் மனைவியின் அப்பாவை. அமராவதி நகர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். வாலிபத்தில் பூமியைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசராக வெகுகாலம் இருந்தார். வயதானதும் ஊருக்கே திரும்பிவிட்டார். அத்தை காலமான பிறகு அங்கே தனியாக இருந்தவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு மாத்திரை, பிறகு அடுப்பில் வைத்த பால், கடைசியில் அத்தை காலமானதே மறந்து, வருகிற போகிறவர்களிடம் அவளைக் கேட்க ஆரம்பித்தார். என் மைத்துனன் வெளிநாட்டில் இருக்கிறான். எனவே ஊர் வீட்டைப் பூட்டி, திருப்பூர் வேலம்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்தோம்.

வந்த முதல் நாளே சிக்கல் தெரிந்துவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாமா எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. பழம் வாங்கி வருவார், காபி குடிப்பார், “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க மாப்பிள்ளை” என்று எழுந்துவிடுவார். எந்த பஸ் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். “ஏதாச்சும் ஒண்ணு வருமுங்க” என்றார். மகள் வீட்டில் உட்கார்ந்து தின்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறையில் பலருக்கும் அப்படித்தான். மறதி எல்லாவற்றையும் தின்றது, இதை மட்டும் தொடவில்லை.

காலையில் எழுந்ததும் மஞ்சள் பையில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்.

“அப்பா, ரெண்டு இட்லி சாப்புட்டுப் போட்டு உக்காருங்ளேன்” என்பாள் என் மனைவி.

“வேண்டாங் கண்ணு. பொண்ணு ஊட்டுல எத்தன நாளைக்குத்தான்? ஒறம்பரையா வந்தவன் ஒறம்பரையாட்டத்தான் இருக்கோணும். பஸ்ஸு வந்துரும்.”

மத்தியானம் ஒரு தம்ளர் மோர். பொழுதோடு ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாவைப் பாலில் கலந்து கொடுத்தால், அதைக் கேட்டோரத்துச் செடிக்கு ஊற்றினார். செடி நன்றாக வந்தது. அவர் சட்டைக்குள் வற்றிக்கொண்டே போனார். அவர் மகளை மகள் என்று தெரிந்துகொண்டிருந்த நாளெல்லாம் பட்டினிதான்.

எங்கள் வீட்டின் முன்னறையை ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் உள்ள கம்பெனிகளிலிருந்து தைத்த டீசர்ட்டுகளை வாங்கிச் செக்கிங் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். ஆர்டர் நின்றுபோனதும் காலி செய்துவிட்டார். ஒரு நீள மேஜையும், அதன் மேல் தாழத் தொங்கும் ட்யூப்லைட்டும், கழித்துப்போட்ட டீசர்ட் மூட்டை ஒன்றும், அம்பு ஸ்டிக்கர் தாள்கள் சிலவும் அப்படியே கிடந்தன. இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காக: துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ இருந்தால், செக்கிங் பெண்கள் அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாகச் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டுவார்கள். தைப்பவர் அதைப் பார்த்துச் சரி செய்வார்.

ஆவணி மாதம் ஒரு காலை. கேட்டருகே மாமா இல்லை. முன்னறையில் ட்யூப்லைட் எரிந்தது. மேஜை முன்னால் நின்று ஒரு டீசர்ட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தோள் தையலை இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “லேட்டுங்க நீங்க” என்றார்.

எனக்கு என்ன தோன்றிற்றோ, “மன்னிச்சுக்கோங்க, வண்டி பஞ்சர்” என்றேன்.

“தெனமும் ஒரு பஞ்சருங்க உங்களுக்கு. புது ஆளா? ம். அந்தத் துணிக் கட்டை எடுத்துப் பிரிங்க.”

மத்தியானம் வரை அவருக்கு எதிரே நின்று டீசர்ட் மடித்தேன். ஒரு மணிக்கு, “சூப்பர்வைசருங்க, சாப்பாட்டு டைம்” என்றேன். கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என் மனைவி பயந்துகொண்டே சோறு போட்டாள். குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று வாங்கிச் சாப்பிட்டார். கம்பெனி மெஸ்ஸில் சாப்பிடுவதில் என்ன கௌரவக் குறைச்சல்? எழும்போது அவளைப் பார்த்து, “மெஸ்காரம்மா, ரசம் நல்லாருக்குதுங்க” என்றார்.

அவள் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். இருவரும் சிரித்தோம். முதல் நாள் அவளும் சிரித்தாள் என்பதைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து தீபாவளி வரையிலும், தீபாவளிக்குப் பிறகு தை மாதம் வரையிலும் எங்கள் வீட்டில் கம்பெனி நடந்தது. அந்த மாதங்களைப் போல நான் மகிழ்ச்சியாக இருந்த காலம் என் வாழ்க்கையில் வேறு இல்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட பல தேசத்துக் குடும்பங்களைப் பற்றி வாசித்திருக்கிறேன். களைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்கூட நடுவில் எங்காவது ஓர் இடத்தில், நன்றாகவும் இருந்தது என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வேகமாக அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஏன் அவ்வளவு அவசரம் என்று முன்பு புரியவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாமாவும் நானும் பேசிக்கொண்டவை எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு தாள் நிறையாது. மழை உண்டா, உடம்பு சௌகரியமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. மாப்பிள்ளை என்றால் நாற்காலி நுனியில் உட்கார வேண்டியவன். மேஜைக்கு எதிரே நின்ற புது ஆளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவனிடம் அவர் எல்லாம் பேசினார். அம்பு ஸ்டிக்கர் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒட்டினார். சுவரில் ஈரம் ஊறிய இடத்தில் ஓர் அம்பு. கால் ஆடும் நாற்காலிக்கு ஓர் அம்பு. ஒருநாள் நான் குனிந்து மூட்டை கட்டும்போது என் உச்சந்தலையில் ஒன்று.

“ஏனுங்க, இது எதுக்கு?”

“துணி தேஞ்சு போச்சுங்க அந்த எடத்துல. ஆல்டரேஷனுக்கு அனுப்போணும்.”

“ரிஜெக்ட்னே போட்றலாமுங்களே.”

“ரிஜெக்டுக்கு எதுக்குங்க அம்பு? அத அப்படியே அக்கட்ட வீசிப்போடலாம். சரி பண்ணலாம்ங்கறதுக்குத்தானுங்க அம்பு. இது தெரியாமயா வேலைக்கு வந்தீங்க?”

இன்னொரு நாள் எனக்கு முன்னாலேயே என்னைப் பற்றிச் சொன்னார். “எம்பட மாப்பிள்ளை ஒருத்தர் இருக்கறாருங்க. எந்நேரமும் புஸ்தகந்தான். ஒரு ஆணி அடிங்கன்னா, மொதல்ல ஆணி எந்த தேசத்துல கண்டுபுடிச்சாங்கன்னு ஆரம்பிப்பாரு. அதுக்குள்ள நானே அடிச்சுப்போட்டு வந்துருவேன்.”

“ஆள் எப்படிங்க, நல்லவருங்களா?”

“நல்லவருதானுங்க. வாய்தான் தொறக்க மாட்டாரு. என்னைக் கண்டா பயமாட்ட இருக்குது. நீங்களாட்டப் பேசினா எவ்வளவு நல்லாருக்கும்?”

வாசற்படியில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு எனக்குக் கையைக் காட்டினாள், கேளுங்கள் என்று. கேட்டேன். “பொண்ணு எப்படிங்க?”

மாமாவின் முகம் சூப்பர்வைசர் முகமாகிவிட்டது. “வேலை நேரத்துல ஊட்டுப் பொம்பளைங்க பேச்சு எதுக்குங்க? பீஸைப் பாருங்க.”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை கேட்டுப் பார்த்தேன். அதே பதில். மாப்பிள்ளையைப் பற்றிக் கேலி பேசலாம், மகளைப் பற்றி அன்னிய ஆளிடம் பேசக் கூடாது. அது அவர் மரியாதை. அவளுக்கு அதில் கிடைத்தது ஒன்றுமில்லை. அப்பா சாப்பிட வேண்டுமானால் அவள் யாரோவாக இருக்க வேண்டும். அவள் மகளானால் அவர் பட்டினி. கம்பெனி இந்த ஏற்பாட்டின் மேல்தான் நடந்தது. அதன் மகிழ்ச்சி முழுவதும் என் பங்கு. அவள் பங்கு மெஸ்.

மாடியில் குடியிருப்பவள் தெற்கத்திப் பெண். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பகலில் கம்பெனியில் பவர் டேபிள் என்கிற தையல் மெஷினில் தைப்பாள். வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வாள். ஞாயிறு காலை இருவரும் பாட்டுப் படிப்பது கீழே கேட்கும். மாமியார் ராகத்தைத் தப்பாகப் பிடித்து, மருமகள்தான் தப்பு என்று திட்டுவாள். மருமகளும் விடமாட்டாள். இருவரும் சிரிப்பது தெருமுனை வரை கேட்கும். எங்கள் கம்பெனிக் கதையைக் கேட்டு அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

“எங்கூர்ல இப்பிடி ஒரு வழமை கெடையாது அண்ணாச்சி. எங்கய்யா கடைசி வரைக்கும் எங்கக்கா வீட்லதான் கெடந்தாவ. ஒரு வெக்கமும் கெடையாது. கொழம்புல உப்பு இல்லன்னா தட்டத் தள்ளிவிட்டு அக்காவ வைவாவ. அக்காவும் பதிலுக்கு வைவா. ஒரே சத்தமாக் கெடக்கும். நல்லாத்தான் இருந்துச்சி.”

பக்கத்துக் கம்பெனியில் அயர்ன் செய்யும் பீகார்க்காரருக்கு ஆச்சரியம் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர். காலையில் எங்கள் வாசல் வழியாகப் போகும்போது உள்ளே வந்து மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார். ஊரில் இருக்கும் தன் அப்பாவுக்குச் செய்வதாக நினைத்துக்கொள்வாராம். மாமா அதைக் கம்பெனி மரியாதையாக வாங்கிக்கொண்டு, “சரி சரி, வேலையப் பாருங்க” என்பார். பீகார்க்காரர் என்னிடம் சொன்னார்: “எங்க ஊர்ல இதே கதை சார். அப்பா, பொண்ணு வீடு தண்ணிகூட குடிக்காது. எங்கப்பா தங்கச்சி வீடு போனா, கையில பாட்டில் தண்ணி கொண்டு போகும்.” அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஓர் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இந்த ஒரு விஷயத்தில் இப்படி ஒற்றுமை என்று நான் வியந்து அதையும் தாளில் குறித்துக்கொண்டேன். வியப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு ஊரிலும் மகளுக்கு நடந்தது ஒன்றுதான்.

தீபாவளி வந்தது. ஊரே காலியாகும் வாரம். கம்பெனிகள் மூடி, தெற்கேயும் வடக்கேயும் பஸ்ஸும் ரயிலும் நிரம்பிப் போகும். தெருச் சத்தம் மாறியதை மாமா கவனித்துவிட்டார். தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி என்னிடம், “எனக்கு லீவு வேணுமுங்க” என்றார்.

“எதுக்குங்க?”

“பொண்ணுக்குத் தல தீபாவளிங்க. மாப்பிள்ளையும் புள்ளையும் வருவாங்க. நான் ஊட்டுல இல்லாட்டி புள்ளைக்கு மொகம் சுண்டிப் போயிருமுங்க.”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக மகள் பேச்சு அவர் வாயில் வந்துவிட்டது. நான் கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, “அப்பா, நாந்தானுங்கப்பா. வந்துட்டனுங்கப்பா” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். மெதுவாக முகம் மலர்ந்தது. சோற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அவள் கன்னத்தைத் தொட்டார். “கண்ணு! எப்பக் கண்ணு வந்தே? ஏன் இப்பிடி எளைச்சுப் போயிட்டே?” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த இருவரையும் நான் அப்படிப் பார்த்தது அதற்கு முன் இல்லை, அதற்குப் பின்னும் இல்லை.

பிறகு அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். டிவி, அதற்கு மேலே எங்கள் கல்யாணப் படம், நான்.

“இது யாரு ஊடு?”

“நம்மூடுதானுங்கப்பா.”

“நம்மூடு இல்லியே. இது மாப்பிள்ளை ஊடாட்ட இருக்குது.” என் பக்கம் திரும்பினார். கம்பெனி ஆளைப் பார்த்த கண் இல்லை அது. “மாப்பிள்ளைங்க, மன்னிச்சுக்கோங்க. ரொம்ப நாளா உக்காந்துட்டனாட்ட இருக்குது.” தட்டை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவினார். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கேட்டருகே போய் உட்கார்ந்தார்.

அன்று சாப்பிடவில்லை. மறுநாள் தீபாவளி, எண்ணெய் தேய்த்துக்கொள்ளவும் சம்மதிக்கவில்லை. தெருவெல்லாம் வெடி. என் மனைவி பலகாரத் தட்டோடு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாடிப் பெண் முந்திரிக்கொத்து கொண்டுவந்து, “தாத்தா, இது மக வீட்டுப் பலகாரம் இல்ல, எங்க வீட்டுது. தின்னுங்க” என்று சொல்லிப் பார்த்தாள். “ஊட்டுக்குப் போய்த் திங்கறேன் சாமி” என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதே சமயம் மகளோடு பேசிக்கொண்டும் இருந்தார். அவள் பள்ளிக்கூடம் போனது, வாய்க்காலில் செருப்பை விட்டது, எல்லாம். அவள் அத்தனைக்கும் பதில் சொன்னாள். உள்ளேயிருந்து பார்க்க, இரண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலத்தான் இருந்தது.

நான் அதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிடவில்லையே என்று கவலைப்பட்டேன். அது உண்மை. முன்னறை இருட்டாகக் கிடக்கிறதே என்றும் இருந்தது. அதுவும் உண்மை. எது எவ்வளவு என்று அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எழுந்தபோது அவர் நடை தள்ளாடியது. கேட்டுக்குப் போகச் சுவரைப் பிடித்தார். நான் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டிருக்க வேண்டும். நேரே முன்னறைக்குப் போய் லைட்டைப் போட்டேன். மேஜையை இழுத்துச் சத்தம் செய்தேன். “சூப்பர்வைசருங்க! லோடு வந்துருச்சுங்க. டெம்போ நிக்குது!”

அவர் திரும்பினார். பை கையிலிருந்து நழுவியது. “யாருங்க டெம்போவ இந்நேரத்துக்கு வரச் சொன்னது? டீயாச்சும் குடிக்க உடறாங்களா?” என்று சலித்துக்கொண்டே உள்ளே வந்தார். முதல் டீசர்ட்டை உதறியதும் முதுகு நிமிர்ந்தது. எனக்குள் என்னவோ துள்ளியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டது போல.

என் மனைவி தோசை கொண்டுவந்தாள். முந்தின நாள் முழுக்க அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், நிமிர்ந்து பார்த்து, “ஏனுங்க மெஸ்காரம்மா, தீபாவளிக்கு ஊருக்குப் போவலீங்களா?” என்றார்.

அவள் தோசையைத் தட்டில் வைத்தாள். சட்னி ஊற்றினாள்.

“போயிட்டு வந்துட்டனுங்க. எங்கப்பா நல்லா இருக்கறாருங்க” என்றாள்.

“சந்தோசமுங்க” என்றார் மாமா.

நான் எழுதாமல் விட்ட வாக்கியம் அதுதான்.

கார்த்திகை மாதம் மாடிப் பெண் என்னிடம் கேட்டாள். துணி காயப்போட வந்தவள், முன்னறையில் மாமா தூங்கி வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீய. அக்காவ எதுக்கு மெஸ்ஸுலயே வச்சிருக்கீய? செக்கிங்னா பொம்பளையதான பாப்போம். எந்தக் கம்பெனில ஆம்பள செக்கிங் பாக்கான்? அக்காவயும் மேசைல ஒக்கார வைங்க. தாத்தா பக்கத்துல இருந்த மாதிரியும் ஆச்சி.”

அவள் சொல்லும் வரை எனக்கு அது தோன்றவே இல்லை என்று எழுதினால் யாரும் நம்பக் கூடாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். செக்கிங் மேஜையைச் சுற்றிப் பெண்கள் இல்லாத கம்பெனியைப் பார்த்ததில்லை. மாமா வெகுகாலம் மேய்த்தது பெண்களைத்தான். அந்த மேஜைக்குப் பொருந்தாத ஆள் யாராவது இருந்தால் அது நான்தான். புரட்டாசியில் ஒரு நாள் அவளாகவே வந்து எங்கள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு டீசர்ட்டை எடுத்துத் திருப்பினாள். மாமா அதைக் கவனித்து, “கழுத்துப் பட்டிய மொதல்ல பாருங்கம்மா” என்றுகூடச் சொன்னார். ஆணியைப் பற்றிய மாப்பிள்ளைக் கதையை அவர் அப்போதுதான் இன்னொரு விதமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். எனக்கு அது கலைந்துவிடும் போல இருந்தது. நான், “அடுப்புல பால் வச்சிருக்கறயாட்ட இருக்குது” என்றேன். அவள் எழுந்து போனாள். அடுப்பில் பால் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

மாடிப் பெண்ணிடம், “நல்ல யோசனைதான், பொங்கல் கழியட்டும்” என்றேன். ஏன் பொங்கல் கழிய வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பொங்கல் கழிந்தது. தை மாதம் தேய்பிறையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு மேஜைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மடியில் ஒரு டீசர்ட் பாதி திருப்பியபடி இருந்தது. நான் எதிரே மடித்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறார் என்று நினைத்து, கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் மடித்தேன். என் மனைவி அப்போது பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் வீட்டைத் திறந்து, அங்கிருந்துதான் அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்தோம். மைத்துனன் வந்து சேர்ந்தான். கூடியிருந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். “மகனாட்டப் பாத்துக்கிட்டீங்க மாப்பிள்ளை. பொண்ணு ஊட்டுல கை நனைக்காத மனுசனையே சோறுண்ண வெச்சுட்டீங்க. எவன் செய்வான் இந்தக் காலத்துல?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பெற்ற மகள் பார்த்துக்கொள்வதில் சொல்ல என்ன இருக்கிறது? அவள் பெண்கள் நடுவில் உட்கார்ந்து, அத்தையின் பழைய ஈயச் சட்டி எங்கே போயிற்று என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முன்னறையை இப்போது ஒரு தையல் யூனிட்டுக்கு விட்டிருக்கிறேன். மேஜையை அவர்களே வைத்துக்கொண்டார்கள். சுவரில் ஈரத்துக்கு ஒட்டிய அம்பு பெயிண்ட் அடித்தபோது மறைந்துவிட்டது. நாற்காலிக் காலுக்கு ஒட்டியது இருக்கிறது. கால் இன்னும் ஆடுகிறது.

ஆனி மாதம் ஒரு நாள் டிவிக்கு ரிமோட் வேலை செய்யவில்லை என்று கிட்டே போய்ப் பொத்தானைத் தேடியபோதுதான் பார்த்தேன். மேலே மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் படத்தின் கண்ணாடியில் ஒரு சிவப்பு அம்பு. படத்தில் நான் நடுவில், என் இடப்பக்கம் அவள், அவளுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் மாமா. அம்பின் முனை அவள் தோளுக்கு நேராக இருந்தது. ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது. ஒட்டி நாளாகியிருக்க வேண்டும்.

மாமா ஒட்டியிருக்கலாம். ஆனால் அந்த உயரத்துக்கு அவர் கையைத் தூக்கியதை நான் பார்த்ததில்லை. கடைசி மாதங்களில் தோள் அவ்வளவு எழும்பாது. ஸ்டிக்கர் தாள்கள் மேஜை இழுப்பறையில் எல்லோருக்கும் எட்டும்படிதான் கிடந்தன. மாடிப் பெண்ணைக் கேட்டேன். “நான் எதுக்கு அண்ணாச்சி ஒங்க படத்துல ஒட்டப் போறேன்?” என்றாள். ஆவணி முதல் தை வரையிலான தாள்களையும் புரட்டிப் பார்த்தேன். அந்தப் படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறாள். அதற்குப் பிறகு நான் கவனித்து வருகிறேன். ஈரத்துணி அம்பைச் சுற்றிப் போகிறது, அதன் மேல் போவதில்லை. அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. ஒட்டியது யார் என்பது, இதை எழுதும் இன்று வரை உறுதியாகத் தெரியவில்லை.